ஜூன் மாதத்தில் திறந்து பாருங்கள்: ஆர்க்டிக் பின்னூட்டல்களைக் கற்பிக்க நாசா வேர்ல்ட்வியூ எவ்வளவு உதவும்?

உயர்தரப் புவியியல் நோட்ஸ்களில் ஆர்க்டிக் என்றால் ஒரே அம்புக்குறி வட்டம்தான் இருக்கும். பனிக்கட்டி உருகும், கடல்நீர் வெளியே தெரியும், நீர் வெயிலை உறிஞ்சும், இன்னும் பனிக்கட்டி உருகும். விளைவு திரும்பி வந்து காரணத்தையே மாற்றுவதால் இதற்குப் பின்னூட்டல் என்று பெயர். பரீட்சைக்கு அது போதலாம். ஆனால் அந்த வட்டம் எந்த மாதத்தில் வேகம் எடுக்கிறது, எந்தக் கடலில் தொடங்குகிறது, உறிஞ்சிய வெப்பம் பிறகு எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் வட்டத்தில் பதில் கிடையாது. பதிலைச் செய்மதிப் படத்திலேயே காட்டக்கூடிய சேவை நாசாவின் வேர்ல்ட்வியூ. கட்டணம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, மென்பொருள் எதுவும் இறக்க வேண்டியதில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு பாடசாலைக் கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால் வேலை நடக்கும்.

நல்ல சேவைதான். ஆனால் இதைப் பயன்படுத்தும் பலர் தவறான மாதத்தில் திறக்கிறார்கள். செப்டெம்பர் நடுவில் ஆர்க்டிக் பனிக்கட்டி ஆண்டின் மிகக் குறைந்த பரப்புக்கு வருவதால் எல்லோரும் செப்டெம்பர் படத்தையே வகுப்பில் காட்டுகிறார்கள். அது விளைவின் படம். காரணத்தைப் பார்க்க ஜூனுக்குப் போக வேண்டும். ஜூன் 21 அளவில் வளிமண்டலத்தின் உச்சியில் வடதுருவத்துக்குக் கிடைக்கும் நாள் சராசரி வெயில் சதுர மீற்றருக்குச் சுமார் 520 வாட். அதே நாளில் நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பது சுமார் 385 வாட்தான், ஏனெனில் துருவத்தில் 24 மணி நேரமும் சூரியன் மறைவதில்லை. செப்டெம்பர் 17 வரும்போது துருவத்தில் அது 60 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே செப்டெம்பரில் திறக்கும் ஒரு சதுர கிலோமீற்றர் நீர் பெரிதாக எதையும் உறிஞ்சாது. ஜூனில் திறக்கும் அதே பரப்பு, வந்து விழும் வெயிலில் 94 சதவீதத்தை விழுங்கும். விழும் வெயிலில் ஒரு மேற்பரப்பு தெறிக்கும் பங்குதான் அல்பீடோ. திறந்த கடலின் அல்பீடோ சுமார் 0.06. வெற்றுப் பனிக்கட்டிக்கு 0.5 முதல் 0.7 வரை, மேலே புதுப்பனி படிந்திருந்தால் 0.9 வரைகூடப் போகும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு சேவையைத் திறந்தால்தான் படம் பேசும்.

திறக்கும் முறை இப்படி. தேடுபொறியில் நாசா வேர்ல்ட்வியூ என்று ஆங்கிலத்தில் தட்டி உள்ளே போனதும் முழு உலக வரைபடம் வரும். வலது மேல் மூலையில் உள்ள சிறிய உலக உருண்டைக் குறியை அழுத்தினால் மூன்று தெரிவுகள் கிடைக்கும். அதில் ஆர்க்டிக்கைத் தெரிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் சாதாரண உலக வரைபடத்திலேயே மேலே நகர்த்திப் பார்ப்பவர்களுக்குத் துருவம் ஒரு நீளப் பட்டையாக இழுபட்டுத் தெரியும், பரப்பு எல்லாம் பிழையாகிவிடும். அடுத்து இடப்பக்கப் பெட்டியில், படத்தின்மேல் புதிய அடுக்குகளைச் சேர்க்கும் ஆட் லேயர்ஸ் பொத்தான். முதலில் இருப்பது இயற்கை நிறப் படம். அதில் பனிக்கட்டியும் வெள்ளை, முகிலும் வெள்ளை. ஆர்க்டிக் கோடையில் பெரும்பாலான நாட்களில் கடல்மேல் தாழ் முகில் மூடியிருப்பதால் இந்தப் படத்தை மட்டும் நம்பினால் வகுப்பே குழம்பும்.

இதற்குத் தீர்வு 3-6-7 பட்டைச் சேர்க்கை, அதாவது கருவி பதியும் ஒளிப்பட்டைகளில் 3, 6, 7ஆம் இலக்கத்தவற்றைச் சேர்த்து நிறமூட்டிய படம். டெரா செய்மதியின் மோடிஸ் கருவியில் கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ் என்ற தலைப்பின் கீழ் இது இருக்கும். பனியும் பனிக்கட்டியும் நீல ஒளியை நன்றாகத் தெறிக்கும், ஆனால் 1.6, 2.1 மைக்றோமீற்றர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். நீர்த்துளி முகில் இரண்டையும் தெறிக்கும். இந்தச் சேர்க்கையில் நீல ஒளிப்பட்டையைச் சிவப்பாகக் காட்டுவதால் பனிக்கட்டி செக்கச் செவேல் என்று எழும், நீர்த்துளி முகில் வெள்ளையாகவே நிற்கும், திறந்த நீர் கறுப்பு. பனிப்பளிங்கு நிறைந்த உயர முகில்கள் கொஞ்சம் இளஞ்சிவப்பாகி ஏமாற்றும். அப்படிச் சந்தேகம் வந்தால் விசைப்பலகையின் இடது வலது அம்புகளால் ஐந்தாறு நாட்களை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முகில் நாளுக்கு நாள் தாவி ஓடும், பனிக்கட்டியின் விளிம்பு மெதுவாகத்தான் நகரும். அக்வா செய்மதியில் இந்தச் சேர்க்கையைத் தேட வேண்டாம். அதன் ஆறாம் பட்டையின் உணரிகளில் பெரும்பாலானவை பழுது. டெராவுக்கும் வயதாகிவிட்டது, 1999 டிசெம்பரில் ஏவப்பட்டது, அதன் சுற்றுப்பாதை நேரமும் நகர்ந்துவருகிறது. அண்மைய ஆண்டுகளுக்கு, புதிய செய்மதிகளில் உள்ள விர்ஸ் கருவியின் எம்3-ஐ3-எம்11 சேர்க்கையே நல்லது, நிறங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது ஜூன் மாதத்துக்குப் போங்கள். மே கடைசியில் பனிக்கட்டி வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஜூன் நடுவுக்குப் பின் முகில் விலகிய இடங்களில் இயற்கை நிறப் படத்தைப் பாருங்கள், வெண்மை மங்கி நீலம் கலந்த சாம்பல் நிறம் ஏறியிருக்கும். அது உருகுநீர்க் குட்டைகள். இந்தக் கருவிகளின் நுணுக்கம் 250 மீற்றர் என்பதால் தனித்தனிக் குட்டை தெரியாது, எல்லாம் சேர்ந்த நிறமாற்றமே தெரியும். குட்டைகள் நிறைந்த பனிக்கட்டியின் அல்பீடோ 0.2 முதல் 0.4 வரை இறங்கிவிடும். அதாவது ஒரு சதுர கிலோமீற்றர் கடல்கூடத் திறக்காமலேயே பின்னூட்டல் தொடங்கிவிட்டது. அம்புக்குறி வட்டத்தில் இந்தப் படி இருப்பதே இல்லை. வேர்ல்ட்வியூவை வகுப்புக்குக் கொண்டுவர இந்த ஒரு காரணமே போதும்.

முகிலையும் இருளையும் தாண்டிப் பார்க்க ஏஎம்எஸ்ஆர்2 கருவியின் கடற்பனிக்கட்டிச் செறிவு அடுக்கைச் சேர்க்கலாம். செறிவு என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பனிக்கட்டி என்பது. இது நுண்ணலையில் பார்ப்பதால் இரவும் முகிலும் தடையில்லை. ஆனால் இதில் ஏமாந்துபோக ஒரு பெரிய வாய்ப்பு உண்டு. உருகுநீர்க் குட்டையின் மேற்பரப்பும் திறந்த கடலின் மேற்பரப்பும் நுண்ணலைக்கு ஒரே மாதிரி. ஆகவே ஜூன், ஜூலையில் செறிவு 70 என்று காட்டினால் அங்கே 30 சதவீதம் கடல் திறந்துவிட்டது என்று எழுதக் கூடாது, அதில் ஒரு பகுதி குட்டையாக இருக்கலாம். அதே நாளின் 3-6-7 படத்தை அடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கரையோரப் புள்ளிகளில் நிலமும் நீரும் கலந்து பொய்ப் பனிக்கட்டி தோன்றுவதும் உண்டு. துருவத்தின் உச்சியில் சிறு வட்டம் வெறுமையாக இருந்தால் அது உருகிய இடம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். செய்மதியின் பாதை அங்கே எட்டாததுதான் காரணம்.

பழைய ஆண்டோடு ஒப்பிட ஸ்டார்ட் கம்பேரிசன் பொத்தான். ஏ பக்கத்துக்கு ஒரு திகதி, பி பக்கத்துக்கு ஒரு திகதி, நடுவில் இழுக்கும் கோடு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரு பக்கமும் ஒரே கருவி. ஏஎம்எஸ்ஆர்2-க்கு முந்திய கருவியான ஏஎம்எஸ்ஆர்-ஈ 2011 ஒக்டோபரில் நின்றது, ஏஎம்எஸ்ஆர்2 தரவு 2012 ஜூலையில்தான் தொடங்குகிறது. இடைவெளிக்கு இரு புறமும் உள்ள படங்களை எடுத்து "இவ்வளவு குறைந்துவிட்டது" என்றால் கருவி மாறியதும் அதில் கலந்துவிடும்.

பாடம் நடத்த மிகப் பொருத்தமான உதாரணம் லாப்டேவ் கடல், 2020. ரஷ்யாவின் சைபீரியப் பகுதியான யாகூசியாவின் வடக்கே, டைமிர் தீபகற்பத்துக்கும் நியூ சைபீரியத் தீவுகளுக்கும் இடையில். அந்த ஆண்டு ஜூன் 20ஆம் திகதி யாகூசியாவின் வெர்கோயான்ஸ்க் நகரில் 38 பாகை செல்சியஸ் பதிவானது, பிறகு உலக வானிலை அமைப்பும் அதை ஆர்க்டிக்கின் சாதனை வெப்பநிலையாக ஏற்றுக்கொண்டது. ஜூனிலிருந்து ஜூலைக்கு நாள் நாளாக நகர்த்துங்கள்: சைபீரியக் கரையை ஒட்டிப் பனிக்கட்டி முன்கூட்டியே விலகுவதைக் காணலாம். லீனா ஆற்றின் முகத்துவாரத்தில் மண் கலந்த நீர் கடலுக்குள் விரிவதும் இயற்கை நிறத்தில் தெரியும், அதுவும் வெப்பத்தைக் கொண்டுவரும் நீர்தான். இப்போது ஒக்டோபர் 24க்குத் தாவுங்கள். வெயில் அநேகமாகப் போய்விட்டதால் இயற்கை நிறப் படம் இருண்டிருக்கும், ஏஎம்எஸ்ஆர்2 அடுக்கை மட்டும் வையுங்கள். பி பக்கத்தில் 2013 ஒக்டோபர் 24. 2013இல் லாப்டேவ் கடல் உறைந்திருக்கும். 2020இல் பெரும்பகுதி இன்னும் திறந்த நீர்.

ஆர்க்டிக்கின் மேற்பரப்பு வெப்பமாதல் கோடையைவிட இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு விடை இந்த ஒக்டோபர் படம். ஜூனில் விழுங்கிய வெப்பம் நீரின் மேலடுக்கில் தங்கி, ஒக்டோபர், நவம்பரில் காற்றுக்குத் திரும்புகிறது. பனிக்கட்டி ஒரு மூடி. மூடி இருந்தால் கீழே -1.8 பாகை நீரும் மேலே -30 பாகை காற்றும் பிரிந்தே இருக்கும். மூடி போடத் தாமதமானால் அவ்வளவு வெப்பமும் ஈரமும் வெளியே வந்து, காற்றைச் சூடாக்கி, தாழ் முகிலையும் கூட்டி, அந்த முகில் மேற்பரப்பிலிருந்து எழும் நெடும் அலைக் கதிர்ப்பை, அதாவது வெப்பக் கதிர்ப்பைத் திருப்பி அனுப்பி இன்னும் சூட்டைத் தக்கவைக்கும். ஜூனையும் ஒக்டோபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், செப்டெம்பர் இல்லாமலே பாடம் முடியும்.

இனிக் குறை சொல்ல வேண்டிய இடம். ஆர்க்டிக் 1979 தொடக்கம் 2021 வரை உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியது என்று பின்லாந்து வானிலை நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் காட்டினர். அந்த வேகத்துக்கு அல்பீடோ மட்டும் காரணம் அல்ல. காலநிலைக் கணினி மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் வெப்பநிலைப் பின்னூட்டலுக்கு அதைவிடப் பெரிய பங்கு கொடுக்கிறார்கள். அது படத்தில் தெரியாது. தெரியாததால் வேர்ல்ட்வியூவை மட்டும் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாமே வெள்ளையும் கறுப்பும்தான் என்ற எண்ணம் ஊன்றிவிடும். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இது.

மலைநாட்டு ஆசிரியருக்கு அதை விளக்க நல்ல வசதி இருக்கிறது. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் காற்றில்லாத, முகிலில்லாத இரவுகளில் துகள் உறைபனி விழும்போது பள்ளத்து மலையில் கொழுந்து கருகும், மேட்டு மலையில் ஒன்றும் ஆகாது. குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் தேங்கி, சூடான காற்று மேலே நிற்கிறது. ஆர்க்டிக்கில் இந்த வெப்பநிலைத் தலைகீழ் நிலை குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும். அங்கே நிலமட்டத்தில் கூடிய வெப்பம் மேலெழ வழியின்றிக் கீழேயே அடைபட்டுக் கிடக்கும், விண்வெளிக்கு எளிதில் தப்பாது. நமது வலயத்தில் நடப்பது எதிர்மாறு: சூடான ஈரக் காற்று மேலெழுந்து, ஒடுங்கி மழையாகி, வெப்பத்தைப் பல கிலோமீற்றர் உயரத்தில் விடுவிக்கிறது, அங்கிருந்து அது வெளியேறுவது சுலபம். ஆக ஒரே பொறிமுறை வெப்பவலயத்தில் சூட்டைத் தணிக்கும் மறைப் பின்னூட்டல், ஆர்க்டிக்கில் சூட்டைக் கூட்டும் நேர்ப் பின்னூட்டல். குளிர்ந்த பொருள் ஒரு பாகை சூடானால் கூடுதலாக வெளிவிடும் கதிர்ப்பு, சூடான பொருள் ஒரு பாகை சூடாகும்போது விடுவதைவிடக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தடிப்பும் தெரியாது. மூன்று மீற்றர் பழைய பனிக்கட்டியும் அரை மீற்றர் புதுப் பனிக்கட்டியும் 3-6-7 படத்தில் ஒரே சிவப்பு. மெல்லிய பனிக்கட்டி குளிர்காலத்தில் வேகமாகத் தடிக்கும் என்ற மறைப் பின்னூட்டலை, அதாவது வட்டத்துக்குத் தடை போடும் ஒன்றை, இதனால் காட்ட முடியாது. தடிப்புக்கு கிறயோசாட்-2, ஐஸ்சாட்-2 செய்மதிகளின் தரவைத்தான் நாட வேண்டும்.

நிரந்தர உறைநிலத்திலும் இதே மாதிரித்தான். வடக்கு உறைநில மண்ணில் 1,460 முதல் 1,600 பில்லியன் தொன் காபன் அடைபட்டிருக்கிறது என்பது மதிப்பீடு, வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மண் உருகும்போது அது வெளியேறுவதைப் படத்தில் தேடிப் பயனில்லை. காட்டுத்தீயைக் காட்டலாம்: 2021 ஆகஸ்ட் முதல் வாரத்தில் யாகூசியாவிலிருந்து எழுந்த புகை வடதுருவம் வரை போனதை இயற்கை நிறத்திலேயே பின்தொடரலாம். தீப்புள்ளி அடுக்கைச் சேர்த்தால் சிவப்புப் புள்ளிகள் விழும், ஆனால் அந்த அடுக்கு வெப்பம் எதையும் தீ என்றே குறிக்கும். மேற்குச் சைபீரியாவில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளிகள் எண்ணெய், எரிவாயு வயல்களின் எரிசுடர்கள். படகாய் சரிவு போன்ற உறைநிலப் பள்ளங்கள் ஒரு கிலோமீற்றர் அளவுதான், 250 மீற்றர் படத்தில் நாலே புள்ளி. அதற்கு மட்டும் சாதாரண உலக வரைபடத்துக்குத் திரும்பி லாண்ட்சாட், சென்டினல் இணைந்த 30 மீற்றர் அடுக்கைப் பயன்படுத்துங்கள்.

கிறீன்லாந்து வேறு. அதற்கு இந்தச் சேவை மிகச் சிறப்பு. தென்மேற்கில், காங்கர்லுசுவாக் என்ற இடத்தின் கிழக்கே, மே மாதத்தையும் ஜூலைக் கடைசியையும் ஒப்பிட்டால் விளிம்பில் ஒரு பழுப்புச் சாம்பல் பட்டை விரிவதும், அதற்கு மேலே நீலப் பொட்டுகளாக உருகுநீர் ஏரிகள் தோன்றுவதும் தெளிவாகத் தெரியும். பனி போய் வெற்றுப் பனிக்கட்டி வெளிவருவதும், அதன்மேல் தூசும் பாசியும் சேர்வதும் அந்த இருட்டுப் பட்டைக்குக் காரணம். 2012 ஜூலை 12இல் கிறீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 97 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு உருகல் பதிவானது. அந்த எண் நுண்ணலை, வெப்பநிலைத் தரவுகளிலிருந்து வந்தது, ஆகவே அன்றைய இயற்கை நிறப் படத்தில் முழுத் தீவும் நீராகத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

எண்களுக்கு அமெரிக்கத் தேசியப் பனி மற்றும் பனிக்கட்டித் தரவு நிலையத்தின் இலவச வரைகோட்டுப் பக்கமான சார்க்டிக்கைத் துணைக்கு வையுங்கள். 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடு, தொட்டால் அன்றைய பரப்பு. 2012 செப்டெம்பர் 17இல் சுமார் 3.4 மில்லியன் சதுர கிலோமீற்றர், இதுவரையான மிகக் குறைந்த அளவு. 1981–2010 காலத்தின் சராசரி மிகக் குறைவு சுமார் 6.2 மில்லியன். கோட்டின் அடிப்புள்ளியை மட்டும் பார்க்காமல் ஜூனில் சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கே பரப்பு என்பது 15 சதவீதமாவது பனிக்கட்டி உள்ள கட்டங்களை முழுதாக எண்ணிக் கூட்டியது. உண்மையான பனிக்கட்டிப் பரப்பு அதைவிடக் குறைவு.

நடைமுறைச் சிக்கல்கள் சில. திகதி கிறீன்விச் நேரப்படி. இலங்கையில் காலையில் திறந்து "இன்று" என்று வைத்தால் படம் பாதி கறுப்பாகவே இருக்கும், முதல் நாளுக்குப் போங்கள். போனில் திறக்கலாம், ஆனால் அடுக்குப் பெட்டி திரையை மூடிவிடும், ஒப்பிடும் கோட்டை இழுப்பதும் சிரமம். இடைமுகம் முழுக்க ஆங்கிலம், தமிழும் சிங்களமும் இல்லை. ஆகவே பிள்ளைகளிடம் தனியே ஒப்படைக்காமல் ஆசிரியர் அடுக்கு, திகதி எல்லாம் அமைத்து, மேலே உள்ள இணைப்பை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்புவதே வழி. இணைப்பிலேயே திகதியும் அடுக்கும் இடமும் பதிந்திருக்கும். பெரிதாக்கும் ஒவ்வொரு தடவையும் புதிய படத்துண்டுகள் இறங்கும், ஒப்பிட்டால் இரட்டிப்பு, அசைவுப்படம் ஓட்டினால் நாட்களின் எண்ணிக்கை அளவுக்குப் பெருகும். டேட்டா குறைவாக இருந்தால் அசைவுப்படத்தைத் தொடவே வேண்டாம்.

இணையம் இல்லாத தோட்டப் பாடசாலைக்குப் படமாகவே கொண்டுபோகலாம். கமராக் குறியை அழுத்தி, முழு ஆர்க்டிக்குக்கு 5 கிலோமீற்றர், ஒரு கடலுக்கு 1 கிலோமீற்றர் நுணுக்கம் தெரிவு செய்து பென்டிரைவில் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதி எடுப்பதாக இருந்தால் 3-6-7 படம் உதவாது, சிவப்புப் பனிக்கட்டியும் மங்கலான முகிலும் ஒரே சாம்பலாகிவிடும். முகில் விலகிய நாளின் இயற்கை நிறப் படத்தை வெட்டி எடுங்கள்.

லாப்டேவ் கடலை 1 கிலோமீற்றர் நுணுக்கத்தில், 1,000 புள்ளி அகலத்தில் எடுத்து, 10 சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சடித்தால் ஒரு சென்ரிமீற்றர் 100 கிலோமீற்றர். மேலே டிரேசிங் தாளில் சென்ரிமீற்றர்க் கட்டம் போட்டு வையுங்கள், ஒரு கட்டம் 10,000 சதுர கிலோமீற்றர். 2020 ஜூன் 21, ஜூலை 21, ஒக்டோபர் 24 என மூன்று அச்சுகளில் (ஒக்டோபருக்கு ஏஎம்எஸ்ஆர்2 அடுக்கு) திறந்த நீர்க் கட்டங்களை எண்ணி, பாதிக்குமேல் நீர் உள்ளதை முழுக் கட்டமாகக் கொண்டு, மூன்று எண்களையும் அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். இந்த வரைபடத்தின் அளவு 70 பாகை வடக்கில் சரியாக இருக்கும், லாப்டேவ் கடல் 75 பாகையை ஒட்டியது என்பதால் பரப்பில் வரும் பிழை சுமார் 3 சதவீதத்துக்குள் நிற்கும். கட்டம் எண்ணும்போது வரும் பிழை அதைவிடப் பெரியது, ஆகவே இரண்டு பிள்ளைகள் தனித்தனியே எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.